மிஹ்லார் சேரின் சுவர்

“எல்லாரும் சுவரப் பாருங்க புள்ளயள்!”

இந்தக் கட்டளை வந்ததும் பெண்பிள்ளைகள் கதிரைகளோடு திரும்பிவிடுகிறார்கள். சுவரில், கறுப்பு வெல்வெட்டில் பொன்னெழுத்தால் குர்ஆன் ஆயத்து எழுதிய கண்ணாடிச் சட்டம் ஒன்று தொங்குகிறது. அவர்கள் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்திருக்க, மிஹ்லார் சேர் முதுகை வளைத்து, இடது கையால் விசைப்பலகையை மறைத்து, வலது கையின் ஒற்றை விரலால் தட்டுகிறார். கம்பியூட்டர் திரையிலிருந்து ஒரு ஃபோல்டர் கண்காணாமல் போகிறது.

“இனித் திரும்பலாம்.”

கல்முனையில், புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் 1996 முதல் கம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறார். கொழும்பில் இரண்டு வாரம் படித்ததில், ஃபைலை ஒளிக்கும் பாடம் ஒன்றே அவருக்கு முழுதாகப் பிடிபட்டது. ஒளித்ததைத் தேடும் பாடத்தன்று காய்ச்சலாம். காலி ஃபோல்டரையும் ஒளிப்பார். கேட்டால், “சந்தையடி வகுப்புக்காரன் களவெடுத்துருவான்” என்பார். செருப்பை வாசலில் விடமாட்டார்; பையில் சுற்றி எங்காவது ஒளிப்பார். அப்படி ஒளித்த இடம் மறந்து, ஒரு நாள் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்.

போன புதன்கிழமை, விண்ணப்பம் ஒன்றை அச்சடிக்க நான் அங்கே போயிருந்தேன். பஸ்லியா என்ற மாணவி, நூலகத்துப் புத்தகங்களைத் தேடித்தரும் புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தாள். மறுநாள் காலை கொழும்பிலிருந்து சோதனைக்காரர் வருகிறார். அது ஓடினால் அந்த நூலகத்திலேயே அவளுக்கு வேலை. புரோகிராமின் எல்லாத் துண்டுகளையும் ஒரே இடத்தில் சேர்த்தால்தான் ஓடும். தேடுகிற துண்டை மட்டும் காணவில்லை.

“சேர், எங்க ஒளிச்ச நீங்க?”

“ஒளிக்கல்ல மகள். பாதுகாத்த.”

“சரி, எங்க பாதுகாத்த நீங்க?”

“ஒரு ஃபோல்டருக்குள்ள. பேரச் சொல்லிக் கூப்பிட்டா வரும்.”

“என்ன பேர்?”

சேர் கூரையைப் பார்த்தார். மனைவியின் பெயரைத் தட்டினார், வரவில்லை. மகனின் பெயர், மோட்டார் சைக்கிளின் இலக்கம், ஒன்றுக்கும் அது வரவில்லை.

“வைரஸ் திண்டிருக்கும்.”

“செருப்புப் பையையும் ஒருக்காப் பாருங்க சேர்” என்றாள் பின்னாலிருந்து நஸீறா. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சும்மா இரிங்க! பஸ்லியா, ஒண்டுக்கும் பயப்புடாதீங்க. நாளைக்கு வாறவரோட நான் கதைக்கன்.”

“நீங்க கதைச்சா புரோகிராம் ஓடுமா சேர்?”

பஸ்லியா அழுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்து அவருடைய கதிரையின் அருகில் நின்றாள்.

“கொஞ்சம் எழும்புங்க சேர்.”

எழும்பினார். அவள் அமர்ந்தாள்.

“இப்ப சுவரப் பாருங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையின் சட்டம் அவர் போட்டதுதானே. மிஹ்லார் சேர் மெல்லத் திரும்பினார்.

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. கறுப்பு வெல்வெட்டின் மேலிருந்த கண்ணாடியில் கம்பியூட்டர் திரை முழுதாகத் தெரிந்தது. எழுத்துகள் இடவலம் மாறியிருந்தாலும் வாசிக்கலாம். இவ்வளவு மாதமும் பிள்ளைகள் கண்ணெடுக்காமல் பார்த்திருந்தது அதைத்தான். அவர் மறந்த பெயர் எழுத்தெழுத்தாக அங்கே வந்தது. அதன் கீழே, காணாமற்போன ஃபைல்கள் வரிசையாக இறங்கின.

மிஹ்லார் சேர் கைக்குட்டையை எடுத்து, கண்ணாடியில் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிட்ட நெருங்கி நின்றார்.