நான் கேட்ட முழுக்கும் நான் கேட்காத காய்ச்சலும்

அன்றைக்குக் கால்வாய்க் கரையில் இருந்தவர்கள்: எங்கள் பாஸ்டர், பாஸ்டரம்மா, கார் கம்பெனியில் வேலை செய்யும் திருநெல்வேலித் தம்பி ஜெபசிங், நான், எங்கள் மகள் ரம்யா, ஞானஸ்நானம் எடுக்க வந்த என் கணவர் ஏழுமலை. எதிர்க்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர். என் கணவரின் அக்கா வள்ளி வரவில்லை. வல்லக்கோட்டை முருகனைத் தவிர வேறு வாசல் மிதிக்காதவர் அவர். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

சகோதர சகோதரிகளே, நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. எதற்கும் பயப்படுகிற சுபாவம் வேறு. போன் அடித்தால்கூட யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் ஓடுவேன். ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் கணவர் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஒரு காலத்தில் நிறையக் குடிப்பார். அவர் குடியை விட வேண்டும், முழுகி எழுந்து ஆண்டவருக்குச் சொந்தமாக வேண்டும் என்று வருஷக்கணக்கில் முழங்காலில் நின்றேன். குடியை விட்டார். போன ஐப்பசியில் ஞானஸ்நானத்துக்கும் சம்மதித்தார்.

வழக்கமாகத் தூரத்து ஏரிக்கு வேனில் போவோம். அந்த வாரம் முழுக்க மழை, வேன் கிடைக்கவில்லை. தள்ளிப்போட்டால் அவர் மனசு மாறிவிடுமோ என்று எனக்குப் பயம். பக்கத்துக் கால்வாயிலேயே நல்ல தண்ணீர் ஓடுகிறது, ஓடுகிற தண்ணீர் சுத்தம்தானே என்று பாஸ்டர் சொன்னார். எங்கள் எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது.

தண்ணீர் செம்மண் நிறத்தில் வேகமாக ஓடியது. ஓரத்தில் மட்டும் நுரை கட்டி நின்றது. ஒரு வாடை அடித்தது. மழை வாடை என்று நினைத்துக்கொண்டேன். எதிர்க்கரைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார்.

"இன்னா சார், இதுலயா எறங்கப் போறீங்க? என் மாடே மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கினு போவுது."

"மாட்டுக்கு விசுவாசம் பத்தாதுண்ணே!" என்றான் ஜெபசிங். எல்லோரும் சிரித்தோம். தண்ணீருக்குள் நின்றிருந்த என் கணவரும் சிரித்தார். பாஸ்டர் அவரைச் சாய்த்து முழுக்கி எடுத்தார். எழுந்தவர் வாயில் போன தண்ணீரைத் துப்பிவிட்டு என்னைத் தேடிப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததில்லை.

சந்தோஷம் ஒரு வாரம்கூட முழுசாக நிற்கவில்லை. காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் ஊசி போட்டு, மழைக்காலக் காய்ச்சல் என்று அனுப்பினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. "கெண்டைக்காலு ரெண்டும் யாரோ கட்டையால அடிச்ச மாதிரி கீது அமுலு" என்று புரண்டார். கண் சிவந்தது. பிறகு மஞ்சளானது. எண்ணெய் பூசி ஜெபித்தோம். அண்ணி கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்தார். காய்ச்சல் எதற்கும் கேட்கவில்லை.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். உள்ளே எடுக்கவே முன்பணம் கேட்டார்கள். என் காதிலும் கழுத்திலும் கவரிங்தான். அண்ணி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகுக் கடைக்குப் போனார். டாக்டர் கண்ணைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பாரா?" என்பதுதான். "முன்னாடி குடிச்சாரு சார். இப்ப இல்ல" என்றேன். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஆட்டோ சீட்டைத் தூக்கி பாட்டில் தேடினேன். பழைய டயர் டியூபும் எண்ணெய்த் துணியும்தான் கிடந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சிறுநீர் நின்றுபோனது. எங்களால் முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தத்தைச் சுத்தம் பண்ண மிஷினில் போட்டார்கள். உடம்பு வீங்கிவிட்டது. ரம்யா கூப்பிட்டும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எந்த நோய் என்று கேட்டால், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். குடித்ததனால் ஈரல் போயிருக்கும் என்றும் ஒருவர் சொன்னார்.

வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்க வரவில்லை. ஒரே ஒரு நினைப்புதான் அறுத்துக்கொண்டிருந்தது. இந்த முழுக்கைக் கேட்டது நான். நான் எதையுமே கேட்காமல் இருந்திருந்தால் குடிகாரனாகவாவது நடமாடிக்கொண்டிருப்பார். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டு, அதற்கு அவரையே கூலியாக எடுக்கிறாரா? இப்படி நினைப்பது பாவம் என்று தெரியும். நினைத்தேன். மறைக்க மாட்டேன். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் புரியல. இது என்ன நோயின்னு யார் வாயிலயாவது சொல்ல வையும்."

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த இளம் டாக்டரம்மா வெளியே வந்து திரும்பவும் குடியைப் பற்றித்தான் கேட்டார். நான் பதில் சொல்லும் முன் அண்ணி வெடித்தார்.

"எத்தினி வாட்டிம்மா கேப்பீங்க, குடிச்சானா குடிச்சானான்னு? என் தம்பி அத்த வுட்டு வருஷமாவுது! இவ கூட்டம்தான் அவன இஸ்துகினு போயி அந்த நாத்தக் கால்வாயில தலையோட முக்கி எடுத்துச்சு. கம்பெனி ஹாஸ்டல் கக்கூஸ் அள்ளுற லாரி எங்க ஊத்துறான்னு ஊருக்கே தெரியும். உன் சாமிக்கு வேற தண்ணியே கெடைக்கலயாடி அமுலு?"

வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கூசிப்போனது. ஆனால் டாக்டரம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"இருங்க. கால்வாயில எறங்கினாரா? எப்ப?"

"காய்ச்சலுக்கு முந்தின வாரம் மேடம்" என்றேன்.

"கால்ல புண்ணு ஏதாவது இருந்துச்சா?"

"சைலன்சர் சுட்ட புண்ணு இருந்திச்சு. ஆறாமதான் இருந்திச்சு."

"இத ஏம்மா முதல்லயே சொல்லல?"

"குளிச்சாரான்னு யாரும் கேக்கலயே மேடம். அது ஞானஸ்நானம்."

சத்தியமாக, எனக்கு அது தண்ணீராகவே தோன்றியிருக்கவில்லை.

எலிக்காய்ச்சலாக இருக்கும் என்றார் அவர். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண் வழியாகவோ, கண், வாய் வழியாகவோ உள்ளே போனால் வருமாம். மழை வந்தால் சாக்கடையும் கால்வாயும் ஒன்றாகிவிடுகிறது, ஓடுகிற தண்ணீர் என்று நம்ப முடியாது என்றார். சோதனை முடிவுக்குக் காத்திராமல் அதற்கான ஊசியை ஆரம்பித்தார்கள். முடிவும் அப்படியே வந்தது. காய்ச்சல் மெல்ல இறங்கியது. சிறுநீர் வர ஆரம்பித்த அன்று, நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்.

என் ஜெபத்துக்குப் பதில் அண்ணி வாயில் வந்தது. திட்டாக வந்தது. அண்ணியிடமே சொன்னேன்.

"ஐய, என் வாயில வந்தது முருகன்டி. உன்னாளு இல்ல" என்றார். வல்லக்கோட்டைக்குப் போய் மொட்டை போட்டு, தம்பிக்காக வேண்டிக்கொண்ட நேர்ச்சையை முடித்துவிட்டு வந்தார். நான் வாதாடவில்லை. அந்த வாயை ஆண்டவர் திறந்தார் என்று எனக்குத் தெரியும். போதும்.

முழு சுகம் என்று பொய் சொல்ல மாட்டேன். அவருடைய கிட்னி பழையபடி இல்லை. ஆட்டோவைப் பிடித்து ஓட்டத் தெம்பில்லை. ஒரு குடோன் வாசலில் நாற்காலி போட்டு வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கும் அவர் இருமினால் நான் கண்ணைத்தான் பார்க்கிறேன், மஞ்சள் தெரிகிறதா என்று. பாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கணவர் காலைத் தொட்டு அழுதார். இப்போது எங்கள் சபையில் சிமென்ட் தொட்டி கட்டி, போர் தண்ணீர் நிரப்பித்தான் ஞானஸ்நானம். கொஞ்சத் தண்ணீரானாலும் ஆண்டவர் அங்கேயும் இருக்கிறார்.

லீவு நாளில் அந்தக் கால்வாயில் பிள்ளைகள் குதித்து நீந்துவதைப் பார்த்தால் நான் நின்று கத்துகிறேன். தட்டு கழுவுகிற அக்காவுக்குக் கிறுக்கு என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். காய்ச்சல் வந்தால் எந்தத் தண்ணீரில் இறங்கினோம் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்திருந்தால், ஜெபம் வரவில்லையே என்று பயப்படாதீர்கள். எனக்கும் வரவில்லை. உடைந்த ஒரு வார்த்தை போதும், அவர் கேட்கிறார். பதில் எந்த வாசல் வழியாக வருமென்று மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். என்னை நம்பி அவரை நம்புங்கள்.

என் கணவரின் உயிருக்கு நான் பட்ட கடனை ஆண்டவருக்கு என்றைக்கும் தீர்க்க முடியாது. அண்ணியின் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. வெறும் கழுத்தோடு வந்து எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போகிறார். மாதாமாதம் என் சம்பளத்தில் கட்டி வருகிறேன். மீட்க இன்னும் அறுபத்திரண்டாயிரம் ரூபாய் பாக்கி.