குதிரைவாலுக்குள் ஒரு கட்டி

இடது கால் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் கரிசல் காட்டிலிருந்து நான் நடந்து வந்த அன்றைக்குத்தான் என் மனைவி என்னை மதுரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். துணைக்கு அவள் தம்பி. எதையும் பாதி கேட்டு முழுதாகச் சொல்லுகிற பிறவி அவன்.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கினார். "முதுகுத்தண்டுக்கு அடியில நரம்பெல்லாம் குதிரைவால் மாதிரி பிரிஞ்சு தொங்கும். அதுக்குள்ளதான் கட்டி. பார்த்தா கேன்சர் மாதிரி தெரியல. எடுத்துட்டா கால் தேறிடும். ஆனா ஒண்ணுக்குப் போற நரம்பும் அங்கதான் இருக்கு. அது பாதிச்சா காலம் பூரா டியூப் வேண்டியிருக்கும்."

கால் தேறும் என்றது என் காதில் ஏறவேயில்லை. டியூப் மட்டும் ஏறியது. சாவுக்குக்கூட அப்படிப் பயந்திருக்க மாட்டேன்.

மைத்துனன் காதில் ஏறியது வேறு. வெளியே வந்ததும் ஊருக்குப் போன் போட்டான். "அத்தானுக்குக் குதிரைவாலியாலதான் கட்டியாம். யாரும் இனிமே திங்காதீங்க!" சுகருக்கு நல்லதென்று ஊரே குதிரைவாலிச் சோற்றுக்கு மாறியிருந்த நேரம். நாங்கள் கோவில்பட்டியில் பஸ் மாறி இடைசெவலில் இறங்குவதற்குள் ரெண்டு வீட்டு அரிசி கோழிக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, நேத்துதான் தின்னேன். இங்கன சுருக்குன்னு குத்துது. எனக்கும் கட்டியா இருக்குமோ?"

வந்த எரிச்சலில், "ஆமா, ரெண்டு" என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கால் விரல்கள் அசைந்தன. ஒருநாள் காலையில் நர்ஸ் டியூபை உருவிவிட்டு, "நல்லா தண்ணி குடிங்க. தானா போகுதான்னு பார்ப்போம்" என்றார். குடித்தேன். அடிவயிறு முட்டியது. பாத்ரூமில் போய் நின்றால் ஒரு சொட்டு இல்லை. "இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, திரும்ப டியூப் போட்டுரலாம்" என்று வெளியே நர்ஸ் சொன்னது கேட்டது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. வரவேண்டியது மட்டும் வரவில்லை.

மைத்துனன் கதவில் வாயை வைத்து, பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல, "ஸ்ஸ்ஸ்" என்றான்.

"போலே அங்கிட்டு!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க அத்தான், வாரதும் நின்னுரும்" என்றவன், பக்கத்துக் கட்டில் ஆட்களையும் சேர்த்துக்கொண்டான். வார்டு முழுக்க ஸ்ஸ் என்றது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் அதுவும் வந்தது.

"ஏட்டி, வருதுட்டி!" என்று கூவினேன். கதவைத் திறந்தால், என் மனைவி தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் தம்பி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஸ்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.