தராசு மேடம் வீட்டு நீலத் தொட்டி

நகராட்சி அலுவலகத்தில் முகத்துக்கு நேரே அவளை மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் தராசு. ஒப்பந்தப் பிரிவில் தலை நரைக்கும் அளவுக்கு வேலை பார்த்தவள். விலை பேச யாராவது எதிரே உட்கார்ந்தால் தண்ணீர் கொடுப்பாள், மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பாள், ஆனால் ஒரு காசு இறங்கி வரமாட்டாள்.

அந்த முறை பேச்சு, வீட்டு வாசல்களில் இருக்கும் நீலத் தொட்டிகளைப் பற்றி. பழைய காகிதம், பாட்டில், டப்பா எல்லாவற்றையும் அவற்றிலிருந்து எடுத்துப்போய் மறுசுழற்சிக்குப் பிரிக்கும் கம்பெனிக்கு, வீட்டுக்கு இவ்வளவு என்று நகராட்சி மாதாமாதம் கொடுத்துவந்தது. டீசல் விலை ஏறினால் கட்டணமும் ஏற வேண்டும் என்றது கம்பெனி. அப்படியானால் பழைய காகித விலை ஏறும்போது எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வாங்கிவிட்டாள். முட்டிக்கொண்டது ஒரே இடத்தில்தான். தொட்டியில் சேரக்கூடாதது சேர்ந்து வந்தால் அந்த லோடுக்குத் தனிக் கட்டணம் கேட்டார் கம்பெனி மேலாளர்.

"சேரக்கூடாததுன்னா என்ன சார்?"

"மிச்சச் சாப்பாடு, டயப்பர்னு வரும். அதையாவது சமாளிச்சுடலாம் மேடம். ஊசி வருது. மருந்து போடுற ஊசி. ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்தணும், குத்துப்பட்ட ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"எங்க ஜனங்களை ரொம்ப மட்டமா நினைக்கிறீங்க. எந்தத் தெருவை வேணும்னாலும் எடுங்க, என் கண்ணு முன்னாடி கொட்டுங்க. ஒரே ஒரு ஊசி வந்தாக்கூட அந்தக் கட்டணத்தைப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆணையர் இருமினார். அவள் கவனிக்கவில்லை. மேலாளர் எழுந்து, சுவரில் இருந்த வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தார். விரல் விழுந்தது அவளுடைய தெருவில். அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. பாட்டிலைக்கூடக் கழுவிக் காயவைத்துப் போடுகிறவள் அவள். அவளுக்குப் பயந்தே பக்கத்து வீடுகளும் ஒழுங்காகப் போட்டன.

குப்பை பிரிக்கும் கூடம் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. தரையில் தார்ப்பாய் விரித்து, தடித்த கையுறை போட்ட ஒரு பெண் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். ஒன்றில் அழுக்கு டயப்பர், இன்னொன்றில் பூசணம் பிடித்த ரொட்டி. ஊசி இல்லையே என்று தராசு மேலாளரைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்து வந்த தொட்டியின் மூடியில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஒட்டியது அவளேதான்.

சலவைத் திரவ பாட்டில் ஒன்றை அந்தப் பெண் காதருகே குலுக்கினாள். "சத்தம் வருது. தள்ளி நில்லுங்க."

கத்தியால் கீறினாள். தார்ப்பாயில் ஒரு கைப்பிடி ஊசி சிதறியது.

 இது நம் பாட்டில் இல்லை, யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று தராசின் மனசு அவசர அவசரமாகச் சாக்கு தேடியது. கழுவிக் காயவைத்த அதே பாட்டிலைக் காணோம் என்று போன வாரம்தான் வீட்டில் கத்தியிருந்தாள்.

"எனக்கு ஒரு தடவை குத்திடுச்சு," என்றாள் கையுறைக்காரி, தன்பாட்டுக்கு. "ஒண்ணும் இல்லைன்னு ரத்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் என் புள்ளையத் தூக்கவே பயந்தேன்."

"யார் வீட்டுதுன்னு பாக்க வேண்டாம்," என்றார் மேலாளர் பெருந்தன்மையாக. "ஊசி வந்தாச்சு, அவ்வளவுதான்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் தீர்ந்தது.

"என் வீட்டுது," என்றாள்.

ஆணையர் அவளைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மதியமே வீட்டுக்குப் போய்விட்டாள். கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, சீருடையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, நீலத் தொட்டியில இருந்த ஊசி யாருக்கு?"

அவர் மறுக்கவில்லை. "சர்க்கரை. மாத்திரைக்கு அடங்கல. இன்சுலின் போடுற ஆளுக்கு டிப்போல பஸ் குடுக்கமாட்டாங்க. சமையல்கட்டுக் குப்பையை நீ கட்டுற, நீலத் தொட்டியை வெளியே வைக்கிறது நான். அதான்..."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ மறைப்பியா?"

கூடத்தில் ஊசி சிதறியபோது விழுந்த அடியைவிட இது பெரிய அடி. இத்தனை வருடக் கல்யாணத்தில், கட்டின புருஷன் தன்னைக் கண்டு பயந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. 

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்று தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். "ஆனா நீங்க சொல்லணும்."

மறுநாளும் அவர் பேருந்து எடுக்கப் போனார். அலுவலகத்தில் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடினாள். கட்டணத்துக்குச் சம்மதித்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு: ஊசி போட மருந்துக்கடைகளில் நகராட்சி பெட்டி வைக்கும், ஊசி வருவது குறையக் குறையக் கட்டணமும் குறைய வேண்டும். கம்பெனி ஒப்புக்கொண்டது. ஆணையர் மட்டும், "உங்க வாய் இருக்கே மேடம், அதுக்கும் சேர்த்துத்தான் நகராட்சி பணம் கட்டுது," என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரக் கடைசியில் கணவர் டிப்போ மருத்துவரிடம் தானாகவே போய்ச் சொன்னார். ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, பேருந்துகளை நேரம் பார்த்து அனுப்பும் அறையில் போட்டார்கள். திரும்ப ஓட்ட முடியுமா என்பதைப் பிறகு பார்க்கலாமாம். சில நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு காலை, சாப்பாட்டு மேசையிலேயே சட்டையைத் தூக்கி ஊசி போட்டுக்கொண்டார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திற. எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"இத்தனை நாளா எங்க வச்சுப் போட்டுக்கிட்டீங்க?"

"பாத்ரூம்லதான். ஊசியைப் பாட்டில்ல போடுற சத்தம் கேக்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டுட்டு."

தண்ணீர் வீணாகிறது என்று அந்தக் கதவை எத்தனை காலையில் தட்டித் திட்டியிருப்பாள். அவள் கண்ணைத் திறந்து, மருந்துக்கடைப் பெட்டியில் போட அந்த ஊசியை எடுத்து வைத்தாள். அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.