தறிச் சத்தத்துக்குள் ஒரு கொலைச் சதி

ஹெட்டி பிரேஸ்வெல் கதை சொல்ல ஆரம்பித்தால் ஒரு சொல்கூட யார் காதிலும் விழாது. விழ வேண்டிய அவசியமும் இல்லை. நெல்சன் என்ற ஆங்கிலேய ஊரில் அவள் வேலை பார்த்த தறிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான விசைத்தறிகள் ஒன்றாக அடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலைக்கு வருகிற எவரும் கொஞ்ச நாளிலேயே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கப் பழகிவிடுவார்கள். இரண்டு வரிசை தள்ளி நிற்கிறவளோடு ஊர்வம்பு பேசலாம், மேஸ்திரியை அவர் முதுகுக்குப் பின்னால் நின்றே திட்டலாம். ஹெட்டி அந்த வாயசைவில்தான் கதை சொன்னாள்.

எல்லாம் உலகப்போர் நடந்த சண்டைக்காலத்துக் கதைகள். உளவாளிகள், பொய்ப் பெயர்கள், பாராசூட்டில் இறங்கும் அந்நியர்கள், யாரோ ஒரு பெரிய மனிதரைச் சுட்டுக் கொல்லப் போடும் திட்டம். சனிக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகக் கடைக்காரர் இந்த மாதிரிப் புத்தகம் வந்தால் அவளுக்கென்று தனியாக எடுத்து வைப்பார். அடுப்பில் உருளைக்கிழங்கை ஏற்றிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாளானால், தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகிய பிறகுதான் தலை நிமிரும்.

அந்தக் கதைகளில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால் அவளுக்கு ஒரு பதில் இருந்தது. ஆறு வருஷச் சண்டையையும் அவள் இதே தறிக்கு முன்னால் நின்றுதான் கழித்தாள். அவளுக்குத் தெரிந்த சண்டை என்பது குண்டு விமானங்களுக்குப் பயந்து ஜன்னலில் மாட்டிய இருட்டடிப்புத் திரை, சீனிக்கு வரிசை, வெங்காயம் கிடைக்காத குளிர்காலம். பெரிதாக ஒன்றும் அவள் பக்கம் நடக்கவில்லை. ஆனால் புத்தகத்தைத் திறந்தால், அதே நாளில், அதே மழையில், ஏதோ ஒரு ரயிலில் ஒருவன் பெட்டிக்குள் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். அவன் ஒரு விரலை மடக்கினால் உலகமே வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

"நாம வெங்காயத்துக்கு நின்னுட்டிருந்தோம்டி, ஆல்மா. அப்போ நம்ம தலைக்கு மேல இவ்வளவும் தொங்கிட்டிருந்துருக்கு. நெனச்சாலே புல்லரிக்குது" என்பாள்.

ஆல்மா டக்வர்த் அடுத்த தறிக்காரி. ஹெட்டியின் தோழி. எதையும் குத்திப் பேசாவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது. "உனக்குப் புல்லரிக்கறதுக்கு ஒரு புருஷன் கெடச்சிருந்தா இந்தப் புத்தகத்தைத் தொட்டிருப்பியாடி?" என்பாள். ஆனால் கதை தொடங்கியதும் முதலில் தறிமேல் சாய்ந்து நின்று பார்ப்பவளும் அவள்தான்.

அறுபத்தேழாம் வருஷம் இளவேனிலில் ஹெட்டி ஒரு புதுக் கதையை எடுத்தாள். பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவன் ஒருவன். பார்த்தால் சாது. ஆனால் எதிரி நாடு பயிற்சி கொடுத்து அனுப்பிய ஆள். துப்பாக்கியைத் துண்டு துண்டாகக் கழற்றிச் சுருதிக் கருவிகளோடு கலந்து வைத்திருக்கிறான். பிரதமர் வந்து தங்கப்போகிற மாளிகையில் அவனுக்கு வேலை கிடைத்துவிடுகிறது. ஒரு நொண்டி இன்ஸ்பெக்டர் மட்டும் அவனை மோப்பம் பிடித்துக்கொண்டே வருகிறார்.

முதல் நாளே ஆல்மா குறுக்கே விழுந்தாள்.

"ஏன்டி, பிரதமருதான் சாகலையே! சண்டை முடிஞ்சு நம்ம ஊருக்கே வந்தாரு, கார்ல நின்னு கையாட்டினாரு. நான் என் கண்ணால பார்த்தேன்!"

"நீ பார்த்தது எனக்குத் தெரியும். பேசாம கேளு."

"சாகமாட்டார்னு தெரிஞ்சப்புறம் என்னத்தக் கேக்கறது?"

"அப்போ திரும்பிக்க."

ஆல்மா திரும்பிக்கொள்ளவில்லை. யாருமே திரும்பிக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க, நெடுக்கில் ஓடும் பாவு இழை அறுந்தால் கை தானாக முடிச்சுப் போட, கண்கள் மட்டும் ஹெட்டியின் உதட்டிலேயே இருந்தன. தூரத்து வரிசைக்காரிகளுக்கு அவள் முகம் தெரியாது. நடுவில் நிற்பவர்கள் வாங்கி அடுத்தவருக்குக் கடத்தினார்கள். மாளிகைக் கதவை அவன் தட்டியபோது அது கூடத்தின் கடைசி மூலைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அங்கே ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டது ஹெட்டிக்குத் தெரிந்தது. அவளுக்கே மலைப்பாக இருந்தது. முடிவு என்னவென்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே!

வெள்ளிக்கிழமை காலையில் கதை உச்சத்துக்கு வந்தது. பிரதமர் சாப்பாடு முடிந்து சுருட்டோடு பியானோ முன்னால் வந்து உட்காருகிறார். திரைக்குப் பின்னால் அவன். துப்பாக்கி தோளில். விரல் விசையில்.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி கிளிஃபர்ட் நட்டர் உள்ளே நுழைந்தார். குறுக்கு நூலான ஊடை தீர்ந்துபோய், அதை இழுத்தோடும் நாடாக் கட்டைகள் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தன. ஆளில்லாத தறியில் இறங்குவதுபோலத் துணி கந்தலாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் நேராக ஹெட்டியிடம் வந்தார்.

"ஏம்மா, இது ஆலையா இல்ல சினிமாக் கொட்டாயா? துணி எல்லாம் ஓட்டை ஓட்டையா வருது. யாரு பதில் சொல்றது?"

ஹெட்டி நாடாவை மாற்றக் குனிந்தாள். கிளிஃபர்ட் இரண்டு அடி போனார். நின்றார். திரும்பினார்.

"சரி, சுட்டானா இல்லையா?"

கூடமே சிரித்தது. சத்தம் கேட்காது, குலுங்கிய தோள்கள்தான் தெரிந்தன. ஹெட்டி தொடர்ந்தாள். பிரதமர் ஒற்றை விரலால் ஒரு கட்டையை அழுத்துகிறார். சுருதி பிசகியிருக்கிறது. துப்பாக்கியைப் பியானோவுக்குள் ஒளித்தபோது அவனேதான் அந்தக் கம்பியைத் தளர்த்தியிருந்தான். தன் வேலையில் அப்படி ஒரு பிசகு கேட்டதும் அவன் முகம் தன்னையறியாமல் சுளித்தது. அந்த ஒரு கண நேரம் போதும். இன்ஸ்பெக்டரின் குண்டு முந்திக்கொண்டது.

ஆல்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்பிச்சாரு" என்றாள், ஏதோ இப்போதுதான் தெரிந்ததைப்போல.

ஆனால் ஹெட்டி வேறொன்றைக் கவனித்திருந்தாள். எதிர் வரிசைத் தறியில் செனோன் என்று ஒரு போலந்துக்காரர் இருந்தார். சண்டை முடிந்து எப்படியோ இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். வாரம் முழுக்க விடாமல் கதையைப் பார்த்தவர், விரல் விசையில் பட்ட இடத்தில் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிட்டார். அந்தக் கூடத்தில் முதுகைத் திருப்புவது காதைப் பொத்திக்கொள்வது மாதிரி. ஹெட்டிக்குச் சுருக்கென்றது. நமக்கு விளையாட்டு, அந்த மனுஷனுக்கு என்ன நினைப்பு வந்ததோ என்று அன்றைக்கு முழுவதும் மனது உறுத்தியது.

மறுநாள் சந்தையில் அவரே எதிர்ப்பட்டார். பட்டாணி விற்கும் வண்டிக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"மிஸ் பிரேஸ்வெல், நேத்து நான் திரும்பிக்கிட்டேன். மரியாதைக் குறைவு. மன்னிக்கணும்."

"ஐயோ, நான்தாங்க கேக்கணும். ஏதாச்சும் மனசு நோகற மாதிரி சொல்லிட்டேனா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். மீன்காரன் கூவிக்கொண்டிருந்தான், பெண்கள் கூடையோடு இடித்துக்கொண்டு போனார்கள். பிறகு குரலை விட்டுவிட்டு, தறிக்கூடத்தில் பேசுவதுபோல உதட்டால் மட்டும் பேச ஆரம்பித்தார். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அது ஹெட்டி ஒருத்திக்கு மட்டுமே கேட்டது.

"எனக்கு அப்போ பத்தொம்பது வயசு. ஜெர்மன்காரங்களை எதிர்த்துக் காட்டுல மறைஞ்சிருந்தோம். எங்க வட்டாரத்தை ஆண்ட ஜெர்மன் அதிகாரி ஒருத்தன், பண்டிகை நாள்ல அந்த வழியாத்தான் கார்ல வருவான். குறி பார்க்கறதுல நான் கெட்டின்னு என்னை அனுப்பினாங்க. ஒரு பால்காரம்மாவோட வைக்கோல் பரண்ல படுத்திருந்தேன். கார் வந்துச்சு. சரியா எனக்கு எதிர்ல நின்னுச்சு."

"ஏன் நின்னுச்சு?"

"ஒண்ணுக்குப் போறதுக்கு."

ஹெட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் லேசாகச் சிரித்தார்.

"மரத்தடியில நின்னு ஏதோ பாட்டைச் சீட்டி அடிச்சான். நான் குறி வெச்சேன். விசையை இழுத்தேன். 'டிக்'குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். தோட்டா ஈரம்."

"அப்புறம்?"

"வேற தோட்டா போட்டேன். அதுக்குள்ள அந்தம்மா பால் வாளியைத் தூக்கிட்டு முற்றத்துக்கு வந்துட்டாங்க. எனக்கும் அவனுக்கும் நடுவுல. அவன் தொப்பியைத் தொட்டு அவங்களுக்கு வணக்கம் சொன்னான், கார்ல ஏறினான், போயிட்டான். தான் செத்துப் பொழைச்சது அவனுக்கே தெரியாது, மிஸ் பிரேஸ்வெல். இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

ஹெட்டி கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "சுட்டிருந்தா?"

"அவன் செத்திருப்பான். சாயங்காலத்துக்குள்ள அந்த ஊரையே கொளுத்தியிருப்பாங்க. பக்கத்து ஊர்ல அப்படித்தான் செஞ்சாங்க. பின்னாடி ஒரு தடவை அந்த வழியாப் போனேன். அந்தம்மா துணி காயப்போட்டுட்டிருந்தாங்க. என்னை அடையாளம் தெரியலை."

"அது எந்த மாசம்?"

"ஆகஸ்ட். நாப்பத்துமூணு. மாதா பண்டிகை."

அந்த ஆகஸ்ட் ஹெட்டிக்கு நினைவிருந்தது. ஆலை விடுமுறை. வெளியூர் போகக்கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்ததால் பூங்காவிலேயே பேண்டு வாத்தியம் வைத்திருந்தார்கள். அவளும் ஆல்மாவும் புல்லில் உட்கார்ந்து பன் தின்றார்கள். அதே வெயில் அங்கே ஒரு பரணுக்குள்ளும் விழுந்திருக்கிறது. புத்தகங்களில் அவள் தேடிக்கொண்டிருந்தது இத்தனை வருஷமாக எதிர் வரிசையில் நின்று இழை முடிந்துகொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அந்த 'டிக்' சத்தம் கேக்காம இருக்கத்தான் தறி வேலைக்கு வந்தீங்களா?"

"சேச்சே. போலந்துக்காரனுக்கு வேற வேலை யாரு குடுத்தா?"

கிளம்பும்போது அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நான் இதைச் சொல்லலாமா? அங்க?"

அவர் தொப்பியைத் தலையில் வைத்தார். "சொல்லுங்க. ஆனா புத்தகம்னு சொல்லுங்க."

திங்கட்கிழமை அவள் அப்படியே சொன்னாள். அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை. ஒண்ணுக்கு ஒதுங்கிய அதிகாரிக்கு எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் விரல் விசைக்குப் போனபோது ஆல்மாகூடச் சிரிப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். இந்த அதிகாரி பிழைத்தானா செத்தானா என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. அவன் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. கிளிஃபர்ட் ஒரு தறியைப் பழுது பார்ப்பதுபோல நெடுநேரம் குனிந்து நின்றார். செனோன் இந்த முறை முதுகைத் திருப்பவில்லை.

தோட்டா ஈரம் என்றதும் ஆல்மா பொங்கிவிட்டாள்.

"இதென்னடி புத்தகம்? கடைசி வரைக்கும் கொண்டாந்து துப்பாக்கி வெடிக்கலைன்னா எப்படி? எழுதினவனை என்கிட்டக் காட்டு!"

"அவ்வளவுதான் கதை."

"அப்போ அந்தப் பால்காரி? அவளுக்கு என்ன ஆச்சு?"

நடு வரிசையிலிருந்து இன்னொருத்தி கேட்டாள். அவளுக்குப் பின்னால் வேறொருத்தி. அதிகாரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி கூடத்தின் கடைசி மூலைவரை போய்த் திரும்பி வந்தது. பால்காரிக்கு என்ன ஆச்சு?

ஹெட்டி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எதிர் வரிசையிலிருந்து செனோன், எல்லோரும் பார்க்கும்படி தலையை நிமிர்த்தி, உதட்டை நிதானமாக அசைத்தார்.

"நல்லா இருந்தாங்க. துணி காயப்போட்டுட்டிருந்தாங்க. நான் பார்த்தேன்."

ஒவ்வொரு முகமாக ஹெட்டியை விட்டு அவர் பக்கம் திரும்பியது.  அவர் குரலைக் காதாலேயே கேட்க வேண்டும்போல, ஆல்மா தன் தறியை நிறுத்தினாள். அடுத்தவள் நிறுத்தினாள். அதற்கடுத்தவளும். கிளிஃபர்ட் நட்டர் அதைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.