ஹைட்ரஜனின் இடம்

இன்று ஹெப்பகோடியில் ஒரு மெக்கானிக் மண்ணெண்ணெயில் செயினைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வாடையில், எப்போதோ இடித்து அடுக்குமாடி கட்டிவிட்ட எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஆய்வகம் நினைவுக்கு வந்தது. மண்ணெண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் சோடியத் துண்டும், ஈரச் சுவரில் பெயின்டால் எழுதிய தனிம அட்டவணையும், அதில் அலோகங்களை வலது மூலைக்கு ஒதுக்கிய சிவப்புப் படிக்கட்டுக் கோடும்.

அறிவியல் சார் எங்களையும் அப்படியே பிரித்திருந்தார். தேறுகிறவர்கள் இடப்பக்க பெஞ்சுகளில் உலோகங்கள். தேறாதவர்கள் வலப்பக்கத்தில் அலோகங்கள். நானும் தேறாதவள்தான். ஆனால் அவருடைய ரெக்கார்டுகளை எழுதிக்கொடுத்ததால் எனக்கு இடப்பக்கத்தில், அலோகமாக இருந்தும் உலோகங்களின் தலைமாட்டில் இருக்கும் ஹைட்ரஜனின் இடம்.

"ஏய் ஹைட்ரஜன், அங்க உக்காந்தா பளபளன்னு ஆயிடுவியாடீ?" என்று வலப்பக்கத்திலிருந்து என் தோழி செல்வி சீண்டுவாள். நானும் சிரிப்பேன்.

ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் சார் ஒரு தாளை நீட்டினார். "வலப்பக்கத்துப் பேரெல்லாம் அழகா எழுதும்மா. பப்ளிக் எக்ஸாம்ல ரிசல்ட் கெடக்கூடாது, இதுங்களுக்கு டிசி குடுத்துடலாம்."

வரிசை கோணாமல் எழுதினேன். செல்வியின் பெயரில் மை லேசாகப் பரவிவிட்டது. புதுத் தாள் எடுத்து, எல்லாப் பெயர்களையும் முதலிலிருந்து மறுபடி எழுதிக்கொடுத்தேன்.