கேட்காமல் சொன்ன கதை

வரலாற்றுப் பேராசிரியருக்குக் கல்லூரியில் ‘ஒலிபெருக்கி’ என்று பட்டப்பெயர். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனைக்கூட மைக் இல்லாமலே எழுப்பிவிடுவார். விளையாட்டரங்கம் கட்ட நன்கொடை திரட்டும் வேலை தொடங்கியதும், ஆசிரியர்கள் சார்பில் பேச முதல்வர் அவரையே பிடித்துப் போட்டார்.

முன்னாள் மாணவர்கள் கூட்டத்தில் அவர் தன்னிடம் படித்த ஓட்டக்காரி ஒருத்தியைப் பற்றிப் பேரோடு சொன்னார். குண்டும் குழியுமான கல்லூரி மைதானத்தில் கால் மடங்கி விழுந்தவள், அப்புறம் ஓடவே இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் கேட்டதும் வாய் நிற்கவில்லை.

“அந்தப் பொண்ணோட வாழ்க்கையே அன்னிக்கு முடிஞ்சு போச்சு!”

பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நன்கொடை கொட்டியது.

மறுநாள் அவர் வகுப்பு மாணவி ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கூட்டத்தில் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தவள்.

“சார், நேத்து நீங்க சொன்னது எங்க அம்மாவைப் பத்தி.”

“உள்ளே வாம்மா” என்றார் ஒலிபெருக்கி, மெல்லிய குரலில்.

“அம்மா வாழ்க்கை ஒண்ணும் முடிஞ்சு போகலை சார். ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு ஓட்டம் சொல்லித் தர்றாங்க. நேத்துலேர்ந்து என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ‘ஐயோ பாவம் உங்கம்மா’ங்கறாங்க.”

அன்று சாயங்காலமே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். கழுத்தில் விசிலோடு, லேசாகக் காலைத் தாங்கியபடி அந்த ஓட்டக்காரி வந்தாள். முகத்தில் கோபமில்லை. அதுதான் அவரை இன்னும் வதைத்தது.

“தப்புப் பண்ணிட்டேம்மா.”

“விழுந்தது நிஜம்தானே சார். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வந்து பேசியிருப்பேனே.”

“அடுத்த கூட்டத்துக்கு வாயேன்மா.”

“இனிமே வந்தா என் காலைத்தான் சார் பார்ப்பாங்க.”

விழுந்த பிறகு அவள் என்ன ஆனாள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தான் விசாரிக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

நடந்ததை மேடையிலேயே சொல்லப் போவதாக அவர் சொன்னதும், “விடுங்க சார், நல்ல காரியத்துக்குத்தானே!” என்று முதல்வர் தடுத்துப் பார்த்தார். பேராசிரியர் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து, அவளைக் கேட்காமல் பேசியதையும், கைதட்டலுக்காகக் கூட்டிச் சொன்னதையும் ஒப்புக்கொண்டார். கூட்டம் சப்பென்று ஆகிவிட்டது. சக ஆசிரியர்கள் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் அரங்கம் எழுந்தது. திறப்பு விழாவுக்கு அவள் வரவில்லை. மகள் வந்தாள், அவரைப் பார்த்ததும் தோழிகளோடு வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள்.

“உங்க அந்த முதல் பேச்சுதான் சார் இதைக் கட்டுச்சு” என்று இன்றைக்கும் யாராவது சொல்வதுண்டு. அவர் முகம் சுண்டிப்போகும். சட்டென்று வேறு பேச்சை எடுப்பார்.