கிளட்ச் கால்

என் வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் முதல் வார்த்தைக்கே எனக்கு மூச்சு முட்டும். டவுன் பஸ் ஓட்டுகிறார். டெப்போவில் அவருக்கு ‘ஹாரன்’ என்று பெயர். ரோட்டில் போகிற எவரையும் அவர் மனிதராக மதித்ததில்லை. சைக்கிளில் போகிறவன் முட்டாள், வேன் ஓட்டுகிறவன் திருடன், நடந்து போகிறவன் சாகவே பிறந்தவன். வீட்டுக்கு வந்தாலும் அதே வாய்தான். கதவு திறந்திருந்தால் எவனுக்காகத் திறந்து வைத்திருக்கிறாய் என்பார், மூடியிருந்தால் எவனுக்குப் பயந்து மூடினாய் என்பார். நானும் வாயில்லாப் பூச்சி இல்லை. ஒன்று கேட்டால் ஒன்பது திருப்பிக் கொடுப்பேன்.

இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே கூரையின் கீழ் எப்படிக் காலம் தள்ளினோம் என்று கேட்டால், அவர் விடியும் முன் கிளம்பிப் பொழுது சாய்ந்தபின் வருவார் என்பதுதான் பதில். நடுவில் இருக்கிற பகல் என்னுடையது. வேண்டும்போது சாப்பிடுவேன், வேண்டும்போது படுப்பேன், ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். அந்தப் பகலை நம்பித்தான் குடும்பம் நடத்தினேன்.

அந்தப் பகலுக்கு அவருடைய இடுப்பு வேட்டு வைத்தது. இடது தொடையும் இடுப்பும் சேருகிற மடிப்பில் வலி. முதலில் சீட்டைத் திட்டினார், பிறகு மெக்கானிக்கை, பிறகு நான் வாங்கிய மெத்தையை. கடைசியில் ஒருநாள் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கீழே இறங்க முடியவில்லை. கண்டக்டர்தான் மூட்டை மாதிரி இறக்கினாராம். டெப்போ டாக்டர் லீவு போடச் சொல்லி, “பிசியோதெரபி எடுத்துட்டு வாங்க. வண்டி எடுக்க முடியுமான்னு அப்புறம் டெஸ்ட் வச்சுப் பாக்குறேன். முடியலன்னா வீட்டுக்குத்தான்” என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு என்றால் யார் வீட்டுக்கு? என் வீட்டுக்கு.

லீவில் இருந்த நாட்களில் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வீட்டை ஓட்டினார். “அந்த வாளிய எவ நடுவழியில வச்சது?” வீட்டில் இருந்தது நான் ஒருத்தி. “ஏன் இப்பிடி குறுக்கயும் நெடுக்கயும் அலையுற? ஒரு பக்கமா போ.” நான் என் வீட்டில் ஒரு பக்கமாகப் போக வேண்டுமாம். இந்த மனுஷனைக் குணப்படுத்தி அனுப்பாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். பாசத்தில் இல்லை.

பிசியோதெரபி நடக்கிற இடம் மருந்துக் கடைக்கு மேலே, மாடியில். “இடுப்பு வலிக்காரனுக்கு மாடியில வைத்தியம். எவன் மூளையோ” என்று படிக்குப் படி முனகிக்கொண்டே ஏறினார். உள்ளே ஒல்லியாக ஒரு பெண், சிரிக்காத முகம்.

“படிச்சு முடிச்சிட்டியாம்மா, இல்ல இன்னும் பாக்கி இருக்கா?”

“முடிச்சிட்டேன் சார். மல்லாந்து படுங்க.”

எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

மேசையின் விளிம்பில் படுக்கவைத்து, வலது முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொள்ளச் சொல்லி, இடது காலைத் தொங்கவிடச் சொன்னாள். தொடை தானாகத் தாழ்ந்து மேசையில் படிய வேண்டுமாம். அவருடையது அந்தரத்தில் நின்றது. அவள் கையால் அமுக்கியதும் ரோட்டில் போடுகிற சத்தத்தையெல்லாம் அங்கே போட்டார். அவள் அசரவில்லை. நாற்காலியைக் காட்டி, “பஸ் ஓட்டுற மாதிரி உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தார். இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். இடது பாதம் தரையை விட்டு எழும்பி நின்றது.

“அந்தக் கால் எங்க சார் இருக்கு?”

“கிளட்சுக்கு மேல.”

“மிதிக்கிறீங்களா?”

“இல்ல.”

“அப்ப பக்கத்துல தரையில வைக்க வேண்டியதுதான?”

“எவனாவது குறுக்க பாஞ்சா நீ வந்து மிதிப்பியா?”

விஷயம் அதுதான். கிளட்ச் மீது கால் வைத்தால் பிளேட் தேய்ந்துவிடும், தரையில் வைத்தால் அவசரத்துக்கு உதவாது. அதனால் மனுஷன் நாள் முழுக்கக் காலை அந்தரத்திலேயே தூக்கி வைத்திருந்திருக்கிறார். காலைத் தூக்கிப் பிடிக்கிற இடுப்புத் தசை ஓய்வில்லாமல் இழுத்து இழுத்துச் சுருங்கி, இப்போது படுத்தாலும் விட மறுக்கிறது என்றாள் அவள். வீட்டில் தினமும் இந்தப் பயிற்சி செய்ய வேண்டும், தொடையை அமுக்கிவிட ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி என்னைப் பார்த்தாள்.

அமுக்கினேன்.

“மெல்ல. என்ன, துணியா துவைக்கிற?”

“வலிச்சா சொல்லுங்க.”

“சொல்லிக்கிட்டுதான இருக்கேன்.”

“அப்ப சரியான இடத்துலதான் அமுக்குறேன்.”

எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன். ஆனால் முன்னேற்றம் மட்டும் இல்லை. பிசியோ பெண் முகத்தைச் சுளித்தாள். “இங்க பண்ணும்போது நல்லா இறங்குது. மறுபடி வர்றப்ப பழையபடி ஏறி நிக்குது. வீட்ல என்ன நடக்குது?”

“ஏமாத்துறாரு. வேற என்ன?” என்றேன், அவர் காதுபடவே.

“கால் எப்பல்லாம் எழும்புதுன்னு கவனிச்சுச் சொல்லுங்கக்கா.”

கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று மத்தியானம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு லாரி ஹாரன் அலறியது. ஒரு பைக்காரன் கிறீச்சென்று பிரேக் போட்டான். அவருடைய இடது பாதம் நனைந்த துணி மாதிரி தரையோடு கிடந்தது. பரவாயில்லையே என்று டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நான் நிலைப்படியைத் தாண்டியதும் குதிகால் எழும்பியது.

டீயை வைத்துவிட்டுத் திரும்பி வந்து கதவிடுக்கில் பார்த்தேன். மெதுவாக இறங்கியது. துண்டு எடுக்கிற சாக்கில் மறுபடி போனேன். எழும்பியது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்பக்கம் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏதோ கேட்கிற மாதிரி குரல் மட்டும் கொடுத்துவிட்டு ஓடிவந்து பார்த்தேன். பாதம் அந்தரத்தில் நின்றது. லாரிக்கு எழும்பாத கால்.

எனக்கு மனசு ஆறவில்லை. நேரே போய்க் கேட்டேன். “என்னப் பாத்தா ஏங்க கால் தூக்குது?”

குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். அதுவரை அவருக்கே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

“நீ எப்ப எந்தப் பக்கம் திரும்புவியோன்னு எனக்கு என்னிக்குமே தெரிஞ்சதில்ல” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். என் வாய்க்கு ஒன்பதும் வந்தன. நீங்க மட்டும் யோக்கியமா, உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே என் நெஞ்சு அடிச்சுக்குதே, அது தெரியுமா என்று ஆரம்பித்து வரிசையாக வந்தன. அந்தக் குதிகால் தரையை விட்டு எழும்பி லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுப் பின்பக்கம் போய் அழுதேன். கோபத்தில்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அவமானம் அது.

பிசியோ பெண்ணிடம், “அவரு தனியாவே பண்ணட்டும்மா, நான் வேணாம்” என்று மட்டும் சொன்னேன். அவள் காரணம் கேட்காமல் காலில் கட்ட ஒரு மணல் பை கொடுத்தாள். அவர் அறைக்குள் பயிற்சி செய்கிற நேரத்தில் நான் தெருவில் நடந்துவிட்டு வருவேன். தொடை இறங்கத் தொடங்கியது. டெப்போ டாக்டர் படுக்கவைத்துப் பார்த்தார், பஸ்ஸை எடுக்கச் சொல்லியும் பார்த்தார். தேறிவிட்டார்.

என் பகல் எனக்குத் திரும்பக் கிடைத்தது. நினைத்தபடி ரேடியோ பாடுகிறது. ரோட்டில் இப்போதெல்லாம் காலைத் தரையில் வைத்துத்தான் ஓட்டுகிறார் என்று கண்டக்டர் சொன்னார். சைக்கிள்காரனை நம்பக் கற்றுக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது.

சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும் டீயைக் கொண்டுபோய் வைக்கிறேன். குதிகால் எழும்புகிறது. நான் நிற்பதில்லை, ஒரு வார்த்தை கேட்பதுமில்லை, உடனே வெளியே வந்துவிடுகிறேன். டெப்போ டெஸ்ட் இனி வருஷா வருஷம் உண்டு, தேறாவிட்டால் வீட்டுக்குத்தான்.